மதியத்துக்குப் பின் மங்கிய படம்

வாசலில் நிற்பவர் ஒரு பல் டாக்டர் என்று தெரிந்ததும் மைத்துனன் செய்த முதல் வேலை, வீங்கிய வலது கன்னத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டதுதான். சில நாட்களாகக் கடைவாய்ப் பல் ஒன்று அவனைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. கொலைகாரனைக் கூட ஒண்டிக்கு ஒண்டி பார்க்கத் தயார் என்று மார்தட்டுகிற ஆள், பல் டாக்டர் என்றால் மட்டும் பத்தடி தள்ளியே நிற்பான்.

அவனுடைய அக்காள் கணவரை அந்தத் தெருவில் எல்லோரும் படக்காரர் என்றே அழைத்தார்கள். வெகுகாலம் காவல் துறைக்காகப் படம் எடுத்தவர். இப்போது பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிறார். ஆனால் ஏதாவது ஒரு படத்தை வைத்து யாராவது யாரோடாவது மல்லுக்கு நின்றால், கடைசியில் இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். அவர் அவசரப்படவே மாட்டார். அவருக்கும் சேர்த்து மைத்துனன் அவசரப்படுவான்.

டாக்டரம்மாவுக்கு நாற்காலி காட்டினார்கள். அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டார். மறுபடியும் பிடித்தார்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணினேனா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

"அது உங்களுக்குத் தெரியாதா?" என்றார் படக்காரர், கையிலிருந்த லென்ஸைத் துடைத்தபடி.

"தெரியும்னுதான் நினைச்சிட்டிருந்தேன். எல்லாரும் நீதான் நீதான்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் தூக்கம் வர்றதில்ல. இன்னிக்குச் சாயங்காலம் வீட்ல எல்லாரும் கூடுறாங்க. வைத்தியம் பார்க்க நான் உக்கார்ற நாற்காலி இருக்கே, 'இனிமே அந்த நாற்காலியில உக்கார மாட்டேன்'னு நான் என் வாயாலயே சொல்லணுமாம். அதுக்குள்ள எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

"சரி. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலியில இல்லேன்னாலும் இந்த நாற்காலியில உக்காரலாமே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் ஆரம்பித்த பல் மருத்துவமனை. கீழே மருத்துவமனை, மாடியில் வீடு. அண்ணனைப் பெரிய டாக்டர் என்பார்கள். அண்ணி வரவேற்பு மேசையில். அண்ணன் மகன் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்ன டாக்டர். பல்லின் வேருக்குள் செய்யும் சிகிச்சை முழுவதும் டாக்டரம்மாவின் பொறுப்பு. அதற்கென்று ஒரு நுண்ணோக்கி வாங்கி வைத்திருக்கிறார். கடுகு அளவுள்ள துவாரத்தைக் கிணறு அளவுக்குக் காட்டும் கருவி. அதில் ஒரு கேமரா பொருத்தியிருக்கிறது. கண் பார்ப்பதை அதுவும் பார்க்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் படம் எடுத்துவிடும்.

"நோயாளி ரேடியோவுல அறிவிப்பாளர். மேல் கடைவாய்ப் பல். காலையில பல்லைத் திறந்து, சுத்தம் பண்ணி, மூணு வேர்க்குழாயைக் கண்டுபிடிச்சுட்டேன். நாலாவது ஒண்ணு இருக்கும், தேடணும். அதுக்குள்ள பொண்ணு ஸ்கூல்ல விழுந்து முட்டியில அடின்னு போன் வந்துச்சு. பஞ்சு வெச்சு மூடி, 'கொஞ்ச நேரம் வெளியில இருங்க, வந்துடறேன்'னு சொல்லிட்டு ஓடினேன். திரும்பி வரும்போதே நர்ஸுக்கு போன் பண்ணி அவரை நாற்காலியில உக்கார வைக்கச் சொன்னேன். வந்தேன், நாலாவதை அடுத்த தடவை தேடிக்கலாம்னு மருந்து வெச்சேன், மூடினேன். அவ்வளவுதான். மதியத்துக்கு மேல நான் டிரில்லைத் தொடவே இல்ல சார்!"

"அப்புறம்?"

"அவருக்கு முகம் வீங்கிடுச்சு. பயந்துபோய் வேற டாக்டர்கிட்ட போயிருக்கார். பல்லோட அடித்தளத்துல ஓட்டை. டிரில் போட்ட ஓட்டை. பல்லையே எடுக்க வேண்டியதாப் போச்சு."

"யார் போட்டதுன்னு படம் சொல்லாதா?"

"அதுதான் சார் கொடுமை!" டாக்டரம்மா எழுந்தேவிட்டார். "நான் எப்பவும் கை வைக்கிறதுக்கு முந்தி ஒரு படம், முடிச்சப்புறம் ஒரு படம் எடுத்துடுவேன். காலையில எடுத்த படம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஓட்டை இல்ல. மதியம் வந்ததும் எடுத்தது ஒரே மங்கல். சிவப்பா ஏதோ தெரியுது, அது ஓட்டையா என்னன்னு சொல்ல முடியல. அது மட்டும் தெளிவா இருந்திருந்தா, நான் தொடறதுக்கு முன்னாடியே ஓட்டை இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும். அன்னிலேர்ந்து நான் எடுக்கிற படம் எல்லாமே மங்கல். கேமராக்காரர் பார்த்துட்டு கேமரா நல்லாயிருக்குங்கறார். கண் டாக்டர் கண்ணு நல்லாயிருக்குங்கறார். அண்ணன் மட்டும், 'உனக்குக் கண்ணு போயிடுச்சு, அதான் ஓட்டையும் விழுந்துச்சு, படமும் மங்குது'ன்னு ஒரே பிடியா நிக்கிறார்."

படக்காரர் அவருடைய செல்பேசியில் இருந்த இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். மைத்துனனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"கை ஆடியிருக்கும் அத்தான்!"

"ஆடியிருந்தா ஒரு பக்கமா இழுத்த மாதிரி தெரியும் மாப்ள. இதுல இழுப்பே இல்ல."

"வாய்க்குள்ள வெச்சுப் பார்க்கிற கண்ணாடியில மூச்சுக்காத்து பட்டு ஆவி படிஞ்சிருக்கும்."

"அப்படின்னா வெள்ளையாப் புகை மூடின மாதிரி இருக்கும். இதுல நிறம் எல்லாம் கெட்டியா இருக்கு. மட்டமான கண்ணாடியா இருந்தா ஒவ்வொரு ஓரமும் ரெட்டை ரெட்டையாத் தெரியும், அதுவும் இல்ல." அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "கண்ணு வெச்சுப் பார்க்கும்போது உங்களுக்குத் தெளிவாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது சார். அதுதான் புரியல. ஒண்ணே ஒண்ணு. முன்னெல்லாம் ஒரு தடவை தெளிவா வெச்சுட்டா, பெருசாக்கினாலும் சின்னதாக்கினாலும் அப்படியே நிக்கும். இப்ப ஒவ்வொரு தடவையும் மறுபடி சரி பண்ண வேண்டியிருக்கு. வயசாகுதோ என்னவோ."

"அன்னிக்கு மதியம் வந்து உக்காந்தப்ப வேற ஏதாவது?"

அவர் யோசித்தார். "ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு குழல் இருக்கில்ல, அதுக்கு நடுவுல இடைவெளி அகலமா இருந்துச்சு. ரெண்டு படமும் ஒண்ணு சேரல. நர்ஸ் துடைக்கும்போது அசைச்சிருப்பான்னு நெருக்கி வெச்சுக்கிட்டேன்."

படக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். "மாப்ள, கைக்குட்டையை எடு. கிளம்பலாம்."

"அங்கேயா?" என்றான் மைத்துனன்.

மருத்துவமனையில் யாருக்கும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. அண்ணி வரவேற்பு மேசையில் இருந்த பேனாக்களை எடுத்து அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஏற்கெனவே துடைத்த தட்டையே துடைத்தாள். பெரிய டாக்டர் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். நல்ல உயரம், வெள்ளைக் கோட்டு, இரண்டு கைகளும் கோட்டுப் பையில். தடித்த மூக்குக் கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் பெரிதாக, எப்போதும் திகைத்தது போலத் தெரிந்தன.

"படம் எடுக்கிறவரைக் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்றார் தங்கையிடம். "இன்னும் எத்தனை பேரைத்தான் கூட்டிட்டு வரப்போறே? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கண்ணுன்னா ஒருநாள் போகத்தான் செய்யும். அதுல என்ன வெட்கம்?"

அண்ணி காபி கொண்டுவந்து கொடுத்தார். பெரிய டாக்டர் டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, குனிந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு வைத்தார்.

"நீங்க இந்த மைக்ராஸ்கோப்பை உபயோகிக்கிறதுண்டா?" என்று படக்காரர் கேட்டார்.

"நானா? இந்தப் பொம்மைக்குள்ள நான் ஒருநாளும் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. எனக்கு என் விரல்தான் கண்ணு. அதுக்குள்ள பார்த்தா என்ன ஆகும் தெரியுமா? ஊசி நுனி லேசா அசைஞ்சாலே பூகம்பம் வந்த மாதிரி ஆடும். மனுஷனுக்கு இருக்கிற தைரியமும் போயிடும். எங்க காலத்துல இதெல்லாம் இல்லாமலேயே பல்லு பார்த்தோம், எல்லாரும் நல்லாத்தான் மென்னு தின்னாங்க."

"நியாயம்தான்" என்றார் படக்காரர்.

சிகிச்சை அறை சிறியது. நடுவில் சாயும் நாற்காலி. அதன் மேலே, சுவரிலிருந்து நீண்ட கையில், நுண்ணோக்கி தொங்கியது. நர்ஸைக் கேட்டதற்கு, அன்று மதியம் அறிவிப்பாளரை உட்காரவைத்து, பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பை மாட்டி, பல்லில் வைத்த பஞ்சை எடுத்து, விளக்கு கூசாமலிருக்கக் கண்ணின் மேல் துணி போட்டுவிட்டு, கருவிகளை எடுத்துவர உள்ளறைக்குப் போனதாகச் சொன்னாள்.

"கருவிகளைக் கொதிக்க வைக்கிற கலனோட மூடி சிக்கிக்கிச்சு சார். அதோட மல்லுக்கட்டிட்டு வர்றதுக்குள்ள டாக்டரம்மா வந்துட்டாங்க. இந்த ரூமுக்குள்ள யாரையும் நான் பார்க்கல."

படக்காரர் ஒரு மருந்துப் பெட்டியைச் சாய்த்து வைத்து, அதன் மேல் அச்சடித்த தாள் ஒன்றைப் படிக்கட்டு போலச் சரிவாக நிறுத்தினார். நுண்ணோக்கியை அதன் மேல் கொண்டுவரச் செய்தார்.

"நடுவுல இருக்கிற வரியைப் பாருங்க டாக்டரம்மா. அது நல்லாத் தெளிவானதும் படம் எடுங்க."

அவர் பார்த்தார், திருகினார், மிதித்தார். படம் கணினியில் வந்தது. நடு வரி மங்கல். அதற்குக் கீழே, சரிவில் இன்னும் பள்ளத்தில் இருந்த ஒரு வரி, பிசிறில்லாமல் தெளிவாக இருந்தது.

"கண்ணு ஒரு வரியைப் பார்க்குது, கேமரா வேற வரியைப் பார்க்குது" என்றார் படக்காரர். "உங்க கண்ணும் பழுதில்ல, கேமராவும் பழுதில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒத்துப்போகல, அவ்வளவுதான்."

கண் வைத்துப் பார்க்கும் குழல்களின் ரப்பர் விளிம்பை அவர் மெல்லத் தூக்கினார். உள்ளே ஒவ்வொரு குழலிலும் ஒரு வளையம். வளையத்தில் பூஜ்ஜியம், அதன் ஒருபுறம் கூட்டல் குறி, மறுபுறம் கழித்தல் குறி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்காக வைத்த வசதி. குறிக்கோடு பூஜ்ஜியத்தில் இல்லை. இரண்டு குழல்களிலும் கூட்டல் பக்கம் நன்றாகத் தள்ளி நின்றது.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இது பூஜ்ஜியத்துலதானே இருக்கணும்! மாட்டின அன்னிக்கு வெச்சது. நான் ஒருத்திதானே பார்க்கிறேன், இதை யார் தொடப்போறாங்கன்னு தூக்கிக்கூடப் பார்க்கலியே. அட, என் புத்தியை!"

"பத்து பேர் பார்க்கிற இடமா இருந்தா, தினமும் காலையில முதல் வேலையா இதைத்தான் பார்ப்பாங்க. ஒருத்தரே பார்க்கிற இடத்துல யாருக்கும் தோணாது."

மைத்துனனுக்குப் பல்வலியே மறந்துபோயிற்று. "அத்தான், கதை முடிஞ்சுது! சின்ன டாக்டர் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கார், நான் வரும்போதே பார்த்தேன்."

"கூப்பிடு, பார்ப்போம்."

சின்ன டாக்டர் வந்தார். ஒல்லியான பையன். தடித்த கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் சுருங்கி, சிறிய மணிகளாகத் தெரிந்தன. வந்ததும் அத்தையின் முகத்தைத்தான் பார்த்தார்.

"அத்தை, சத்தியமா நான் இல்ல. அன்னிக்கு நான் மாடியில தூங்கிட்டேன்."

"சாட்சி?" என்று பாய்ந்தான் மைத்துனன்.

"தூங்கினதுக்கு யாருங்க சாட்சி வெச்சுக்குவாங்க?"

"தம்பி, இதுல ஒரு தடவை பார்த்து, அந்தத் தாள்ல நடு வரியில என்ன இருக்குன்னு படிங்க" என்றார் படக்காரர்.

சின்ன டாக்டர் டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டு குழல்களின் ரப்பர் விளிம்பையும் வெளிப்புறமாக மடித்து, கண்ணாடியோடேயே கண்ணை வைத்தார். திருகினார், படித்தார். எழுந்ததும், கேட்காமலேயே, மடித்த ரப்பரைப் பழையபடி நிமிர்த்திவிட்டார்.

"இது என்ன பழக்கம்?"

"காலேஜ்ல ஒரே மைக்ராஸ்கோப்பை இத்தனை பேர் பார்ப்போம் சார். எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகலேன்னா அடுத்தவன் அடிக்க வருவான்."

படக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்பது மைத்துனனுக்குத் தெரிந்தது. எதை என்பதுதான் தெரியவில்லை, தவித்தான்.

சாயங்காலம் அறிவிப்பாளர் வந்து சேர்ந்தார். மன்னிப்புக் கேட்கிறோம் என்று குடும்பத்தார் அழைத்திருந்தார்கள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது, கோபம் வடியவில்லை. மாடிக்குப் போவதற்கு முன்னால் எல்லோரையும் சிகிச்சை அறைக்கு வரச்சொன்னார் படக்காரர். அந்தச் சின்ன அறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பெரிய டாக்டர் கதவோரமாக, கைகள் கோட்டுப் பையில்.

"சார், அன்னிக்கு மதியம் நாற்காலியில படுத்திருந்தப்ப நடந்ததைச் சொல்லுங்க" என்றார் படக்காரர்.

"என்ன சொல்றது? கண்ணு மேல துணி, வாயில ரப்பர். பேசிப் பிழைக்கிறவன் நான், என்னை ஊமையாக்கிப் படுக்க வெச்சுட்டாங்க. டாக்டரம்மா வந்தாங்க, உக்காந்தாங்க, டிரில் போட்டாங்க. டக்னு நிறுத்திட்டு எழுந்து போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்தாங்க, மருந்து வெச்சாங்க."

"ரெண்டு தடவையா?" டாக்டரம்மா பதறினார். "நான் ஒரு தடவைதானே வந்தேன்!"

"முதல் தடவை வந்தப்ப என்ன பேசினாங்க?"

அறிவிப்பாளர் வாயைத் திறந்தார். மூடினார். குரலை வைத்துப் பிழைக்கிற மனிதருக்குக் காதும் கூர்மை. அவர் முகம் மெல்ல மாறியது. "ஒண்ணுமே பேசல. காலையில அவ்வளவு பேச்சு. 'இப்ப தண்ணி வரும், இப்ப கொஞ்சம் கூசும், அப்படியே இருங்க'ன்னு விடாம சொல்லிட்டே இருந்தாங்க. ரெண்டாவது தடவை வந்தப்பவும், 'ஒரு படம் எடுத்துக்கறேன்'னு சொல்லிட்டுத்தான் கையே வெச்சாங்க. நடுவுல வந்தப்ப மட்டும் ஒரு வார்த்தை இல்ல. ஏதோ கோபம்னு நினைச்சேன்."

"கோபம் இல்ல. அது வேற ஆள்" என்றார் படக்காரர்.

அண்ணியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அந்த ஆள் வந்து உக்காந்ததும் கண்குழலை அகலப்படுத்தியிருக்கார். மூக்குக் கண்ணாடி ரப்பர்ல இடிக்குது. கழற்றி வெச்சார். கழற்றினதும் எல்லாம் மங்கல். தன் கண்ணுக்குத் தெளிவா வர்ற வரைக்கும் வளையத்தைத் திருப்பினார். எழுந்து போகும்போது திருப்பி வைக்கல. திருப்பி வைக்கணும்னே அவருக்குத் தெரியாது. கேமராவும் கண்ணும் ஒண்ணா இருக்கிறது அந்த வளையத்தாலதான்னு படம் எடுத்துப் பழகினவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் டாக்டரம்மா வந்தாங்க. தன் கண்ணுக்குத் தெளிவா வர்ற மாதிரி மைக்ராஸ்கோப்பை இறக்கிக்கிட்டாங்க. கண்ணு சரியாயிடுச்சு, கேமரா தப்பிப்போச்சு. முதல் படமே மங்கல். கை வைக்கிறதுக்கு முந்தி எடுத்த படம்!"

மைத்துனன் தொடையில் தட்டினான். "அப்ப அந்த மங்கலே சாட்சி!"

"அதேதான். படம் தெளிவா வந்திருந்தா ஓட்டை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். மங்கலா வந்ததாலதான், இவங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர் இங்க உக்காந்திருந்தார்னு தெரியுது."

"சின்ன டாக்டர்தானே?" மைத்துனன் இன்னும் விடவில்லை.

"சின்ன டாக்டர் கண்ணாடியைக் கழற்றவே மாட்டார், நீயே பார்த்தே. கழற்றினாலும் அவருக்கு வளையம் கழித்தல் பக்கம்தான் போகணும். அவருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடிக்குள்ள கண்ணு சின்னதாத் தெரியுதில்ல? தூரப்பார்வைக் கண்ணாடின்னா கண்ணு பெருசாத் தெரியும். நர்ஸம்மாவும் அண்ணியம்மாவும் கண்ணாடியே போடறதில்ல. வளையம் நிக்கிறது கூட்டல் பக்கம், தூரப்பார்வைக்காரங்க பக்கம்."

யாரும் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொருவராகக் கதவோரம் திரும்பினார்கள். அங்கே அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாகியிருந்தன.

"உளறாதீங்க" என்றார் பெரிய டாக்டர். குரலில் வலு இல்லை. "நான் இதுக்குள்ள பார்த்ததே இல்லேன்னு காலையிலயே சொன்னேன்."

"சொன்னீங்க. அதே மூச்சுல, ஊசி நுனி அசைஞ்சா பூகம்பம் மாதிரி ஆடும்னும் சொன்னீங்க. படத்துல ஆட்டம் தெரியாது டாக்டர். படம் நின்னுபோன ஒரு நொடி. ஊசியைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ள பார்த்தவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். அதுவும்..." படக்காரர் இங்கே சற்றுத் தயங்கினார். "கை ஆடினாத்தான் தெரியும்."



பெரிய டாக்டர் கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்தார். முன்னால் நீட்டினார். விரல்கள் லேசாக, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்" என்றார். "லேசா இருக்குன்னு தெரியும். இவ்வளவு இருக்கும்னு தெரியாது. எல்லாரும் டாக்டரம்மா, டாக்டரம்மான்னு உன்கிட்டயே வர்றாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ளன்னு ஒரு ஆசை. யாரும் இல்லாத நேரம் பார்த்து உக்காந்தேன். பல்லுக்குள்ள அவ்வளவு அழகாத் தெரிஞ்சுது. நாலாவது குழாய் வாய் இதோ இருக்குன்னு தோணுச்சு. உனக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்சுடலாம்னு... டிரில்லை வெச்சதும் உள்ள எல்லாம் ஆடுது. பயந்துட்டேன். எடுக்கறதுக்குள்ள இறங்கிடுச்சு."

"ஓட்டை விழுந்தது தெரிஞ்சும் சொல்லலியா?" என்றார் அறிவிப்பாளர். வானொலியில் கேட்கும் அந்தக் கணீர்க்குரல் அறைக்குள் இடியாக இறங்கியது. "அப்பவே சொல்லியிருந்தா என் பல்லு இருந்திருக்குமில்ல?"

"இருந்திருக்கும்" என்றார் பெரிய டாக்டர். "உடனே அடைச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம். தப்பு என்னோடது. மன்னிப்பு கேக்க அவ வேண்டாம், நான்தான் கேக்கணும்." நடுங்கும் இரண்டு கைகளையும் கூப்பினார்.

அறிவிப்பாளரால் அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை போலும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பல்லு போனது போனதுதான். ஆனா நான் ஊரெல்லாம் இந்தம்மா பேரைச் சொல்லித் திட்டியிருக்கேன். அதை நான்தான் போய்ச் சரி பண்ணணும்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்.

டாக்டரம்மா இன்னும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிவப்பாத் தெரிஞ்சுதே, என்னன்னு தேடாம மூடினேனே, அது என் தப்பு. பொண்ணு ஞாபகத்துல இருந்துட்டேன். ஆனா இத்தனை நாளா என் கண்ணு போச்சுன்னு எப்படிண்ணா உனக்கு வாய் வந்துச்சு? கண்ணாடி முன்னாடி நின்னு என் கண்ணையே உத்து உத்துப் பார்த்துட்டிருந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே உன்னை உக்கார வெச்சுக் காட்டியிருப்பேனே. ஏண்ணா கேக்கல?"

"தங்கச்சிகிட்டப் போய் எனக்குக் காட்டுன்னு கேக்க வெட்கமா இருந்துச்சும்மா. அப்புறம், உன் கண்ணு போச்சுன்னு சொல்றது, என் கை போச்சுன்னு சொல்றதைவிடச் சுலபமா இருந்துச்சு."

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சின்ன டாக்டர் அப்பாவின் அருகில் போய் நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல்.

படக்காரர் தொண்டையைச் செருமினார். "வளையத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம் டாக்டரம்மா. உங்க கண்ணுக்கும் நிம்மதி. இதோ, படத்துக்கு ஒரு பல்லு தயாரா இருக்கு."

மைத்துனன் சுற்றுமுற்றும் பார்த்தான். தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிவதற்குள் அவனை நாற்காலியில் சாய்த்துவிட்டார்கள். "அத்தான், அக்காகிட்ட சொல்லிடுவேன்!" என்று கத்தினான். கத்துவதற்குத் திறந்த வாயில் கண்ணாடி நுழைந்துவிட்டது.

டாக்டரம்மா வளையங்களைத் திருப்பினார். கண்ணை வைத்தார். நர்ஸ் கண்ணாடியின் மேல் மெல்லக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். "இப்ப கொஞ்சம் வெளிச்சம் அடிக்கும், பயப்படாதீங்க, தொட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. மிதித்தார். கணினியில் மைத்துனனின் கடைவாய்ப் பல் வந்தது. சொத்தையின் கறுப்பு ஓரம், அதற்குள் ஒரு மயிரிழை விரிசல், பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு துளி எச்சில் வரைக்கும் பிசிறில்லாமல் தெரிந்தன. டாக்டரம்மா அந்தப் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார், மறுபடி வந்தது.

பெரிய டாக்டரும் நெருங்கி வந்து பார்த்தார். "விரிசல் எவ்வளவு தெளிவா வந்திருக்கு" என்றார். பிறகு கோட்டைக் கழற்றி, மடித்து, மகனிடம் கொடுத்தார். மாடியில் சொல்ல வேண்டியதை அங்கேயே, நின்ற இடத்திலேயே சொன்னார்.

"இனிமே அந்த நாற்காலியில நான் உக்கார மாட்டேன்."

தன் வாயால் சொல்ல வேண்டுமே என்று இத்தனை நாள் டாக்டரம்மாவைத் தூங்கவிடாமல் செய்த அதே வார்த்தைகள். அதை அண்ணன் வாயிலிருந்து கேட்கவும் அவருக்குத் தாங்கவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அது நின்று அமைதியாகும்வரை பிடித்துக்கொண்டிருக்க நினைத்தார். அது நிற்கவில்லை, அவரும் விடவில்லை.